பல ஆள்களங்களுக்கான அணுகல் பதிவேடுகள்

பல ஆள்களங்களுக்கான அணுகல் பதிவேடுகள் என்பது, ஒரே வலை வழங்கியில் இயங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வலைத்தளங்களுக்கு வரும் வேண்டுகோள்களை, அவை எந்த ஆள்களத்திற்கு உரியவை எனப் பிரித்து அறியத்தக்க வகையில் குறித்து வைக்கும் முறையைக் குறிக்கும். வலை வழங்கி தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு வரியாக உரைக்கோப்பில் எழுதுகிறது. இக்கோப்பு அணுகல் பதிவேடு எனப்படும். ஒரு வழங்கியில் ஒரு தளம் மட்டும் இருக்கும்வரை ஒரு கோப்பே போதுமானது. நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரு கணினியைப் பகிர்ந்துகொள்ளும்போது, எந்த வரி யாருடையது, அதை யார் படிக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் ஆகிய கேள்விகள் எழுகின்றன.

பின்னணி

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஓர் ஐ.பி. முகவரிக்கு ஒரு வலைத்தளம் என்பதே நடைமுறையாக இருந்தது. அக்கால மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையில் (எச்.டி.டி.பி. 1.0) உலாவியானது தனக்கு வேண்டிய பக்கத்தின் பாதையை மட்டுமே கட்டாயமாக அனுப்ப வேண்டியிருந்தது, எந்தத் தளத்தின் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே ஒரே முகவரியில் இரண்டு தளங்களை வைத்தால் வழங்கியால் அவற்றை வேறுபடுத்த இயலாது.

1997 சனவரியில் ஆர்.எஃப்.சி. 2068 என்னும் ஆவணமாக வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 இந்நிலையை மாற்றியது. 'ஓஸ்ட்' என்னும் தலைப்பு வரியில் தளத்தின் பெயரை உலாவி குறிப்பிட்டே ஆகவேண்டும் என்றும், அவ்வரி இல்லாத வேண்டுகோளை வழங்கி 400 என்னும் பிழை எண்ணுடன் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அது விதித்தது. இதனால் ஒரே முகவரியில் எத்தனை தளங்களையும் நடத்த முடிந்தது. இத்தகைய ஒவ்வொரு தளமும் மெய்நிகர்த் தளம் (விர்ச்சுவல் ஓஸ்ட்) எனப்படுகிறது. குறைந்த கட்டணத்தில் வலைத்தளம் நடத்த இடம் தரும் பகிர்வு வழங்கிச் சேவைகள் பெருகியது இதன் பின்னரே.

மறையாக்கப்பட்ட இணைப்புகளில் இவ்வசதி தாமதமாகவே வந்தது. 'ஓஸ்ட்' வரி மறையாக்கத்திற்குள் இருப்பதால், எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று வழங்கிக்கு முன்கூட்டியே தெரியாது. இணைப்பின் தொடக்கத்திலேயே தளத்தின் பெயரைச் சொல்லும் நீட்சி 2003-இல் ஆர்.எஃப்.சி. 3546-இல் வரையறுக்கப்பட்டது. அப்பாச்சி வழங்கி 2009-இல் வெளியான 2.2.12 பதிப்பில் இதற்கு ஆதரவளித்தது. விண்டோசு எக்ஸ்பி-யில் இயங்கிய இன்டர்நெட் எக்சுபுளோரர் உலாவி இந்நீட்சியை அறியாது. எனவே அதன் பயனர்கள் குறையும்வரை பாதுகாப்பான தளங்களுக்குத் தனி முகவரி வாங்குவது தொடர்ந்தது.

பதிவு வரியின் அமைப்பு

பெரும்பாலான வழங்கிகள் பின்பற்றும் பொதுப் பதிவு வடிவம், அப்பாச்சிக்கு முன்னோடியான என்.சி.எஸ்.ஏ. வழங்கியின் காலத்திலிருந்தே வழக்கில் உள்ளது. ஒரு வரி பின்வருமாறு அமையும் (உண்மையான கோப்பில் இலத்தீன் எழுத்துகளில் இருக்கும், இங்கு தமிழில் தரப்பட்டுள்ளது):

203.0.113.7 - - [12/மார்ச்/2024:05:31:09 +0530] "கெட் /படங்கள்/கோபுரம்.ஜேபெக் எச்.டி.டி.பி/1.1" 200 48213

இதில் முதலில் வருவது பார்வையாளரின் ஐ.பி. முகவரி. அடுத்த இரண்டு புலங்கள் பயனரின் அடையாளத்திற்கானவை. பெரும்பாலான வரிகளில் இவை வெறும் கோடுகளாகவே இருக்கும். பின்னர் நேரமும், வேண்டுகோளும், மறுமொழியின் நிலை எண்ணும், அனுப்பப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையும் வருகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த உலாவி என்னும் இரு புலங்களைச் சேர்த்தால் அது கூட்டு வடிவம் எனப்படும்.

மேற்கண்ட வரியைக் கூர்ந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். கோபுரத்தின் படம் கேட்கப்பட்டது தெரிகிறது. எந்தத் தளத்தின் கோபுரம் என்பது தெரியவில்லை. ஒரு முகவரிக்கு ஒரு தளம் என்றிருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்டதால், ஆள்களப் பெயருக்கு இவ்வடிவத்தில் இடமே இல்லை. நூறு தளங்களின் வரிகள் இவ்வாறு ஒரே கோப்பில் விழுந்துவிட்டால் பின்னர் எந்தக் கருவியாலும் அவற்றைச் சரியாகப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கான ஏற்பாட்டை எழுதும் நேரத்திலேயே செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன: ஒவ்வொரு தளத்திற்கும் தனிக்கோப்பு வைப்பது ஒன்று, ஒரே கோப்பில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் தளத்தின் பெயரைச் சேர்ப்பது மற்றொன்று.

தனிக்கோப்பு முறை

அப்பாச்சி வழங்கியில் ஒவ்வொரு மெய்நிகர்த் தளத்தின் அமைவுப் பகுதிக்குள்ளும் 'கஸ்டம்லாக்' என்னும் கட்டளையை எழுதி, அத்தளத்திற்கான பதிவுக்கோப்பைக் குறிப்பிடலாம். பிழைகளுக்கு 'எரர்லாக்' என்னும் கட்டளை உள்ளது. இம்முறை எளிமையானது, வாடிக்கையாளருக்கு அவருடைய கோப்பை மட்டும் காட்டுவதும் எளிது.

இக்கட்டளையின் மரபுரிமை விதி புதியவர்களைக் குழப்பக்கூடியது. ஒரு தளத்திற்குத் தனிப் பதிவுக்கோப்பு குறிப்பிடப்படாவிட்டால் அதன் வரிகள் முதன்மை வழங்கியின் கோப்பில் சேரும். குறிப்பிடப்பட்டுவிட்டால் முதன்மைக் கோப்பில் அத்தளத்தின் ஒரு வரியும் இராது. எனவே முதன்மைக் கோப்பை மட்டும் பார்த்து வழங்கியின் மொத்தச் சுமையைக் கணிப்பவர் பெரும்பகுதியைத் தவறவிடுவார். இதைத் தீர்க்க, எல்லாத் தளங்களின் வரிகளையும் கூடுதலாக ஒரு பொதுக் கோப்பிலும் எழுதும் 'குளோபல்லாக்' என்னும் கட்டளை 2.4.19 பதிப்பில் சேர்க்கப்பட்டது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்சு வழங்கல்களில், தனிக்கோப்பு குறிப்பிடப்படாத தளங்களின் வரிகளை 'பிற தளங்கள்' எனப் பொருள்படும் பெயருள்ள ஒரு கோப்பில், தளத்தின் பெயருடன் எழுதும் அமைவு அப்பாச்சிப் பொதியுடனேயே வருகிறது.

கோப்பு விவரிப்பான் வரம்பு

தனிக்கோப்பு முறையின் முதன்மையான இடர் எண்ணிக்கையில் உள்ளது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் இயக்குதளம் ஒரு கோப்பு விவரிப்பானை ஒதுக்குகிறது. ஒரு செயல்முறை வைத்திருக்கக்கூடிய விவரிப்பான்களுக்கு வரம்பு உண்டு. லினக்சில் வழக்கமான மென் வரம்பு 1024 ஆகும். அப்பாச்சியின் ஆவணங்களின்படி, வேறுபட்ட ஒவ்வொரு பிழைப் பதிவேட்டுக்கும் ஒன்று, ஏனைய ஒவ்வொரு பதிவுக் கட்டளைக்கும் ஒன்று, அவற்றுடன் உள்பயன்பாட்டிற்கு 10 முதல் 20 வரை விவரிப்பான்கள் தேவைப்படும். 600 தளங்களுக்குத் தலா ஓர் அணுகல் பதிவேடும் ஒரு பிழைப் பதிவேடும் வைத்தால் 1200-ஐத் தாண்டிவிடும்.

வரம்பை எட்டும்போது தோன்றும் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. பதிவுக்கோப்புகள் வழங்கி தொடங்கும்போதே திறக்கப்பட்டுவிடுவதால் அவை இயங்கும்; மிச்சமிருக்கும் சில விவரிப்பான்களைக்கொண்டு பார்வையாளர்களின் இணைப்புகளையும் பக்கங்களின் கோப்புகளையும் திறக்க வேண்டியிருக்கும். ஆகவே சில பக்கங்கள் சில வேளைகளில் மட்டும் திறக்காமல் போகும். குறை பக்கத்தில் இருப்பதாகக் கருதி அங்கே தேடுபவருக்குக் காரணம் கிட்டாது. வரம்பை உயர்த்துவது உடனடித் தீர்வு. தளங்கள் மேலும் பெருகும் என்று தெரிந்தால் பொதுக்கோப்பு முறைக்கு மாறுவதே சிறந்தது.

பதிவுகளைக் கோப்புக்குப் பதிலாகக் குழாய் வழியே வேறொரு நிரலுக்கு அனுப்பும் வசதியும் அப்பாச்சியில் உண்டு. ஆனால் ஒவ்வொரு தளத்திற்கும் தனிக் குழாய் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல்முறை தொடங்கப்படும். 600 தளங்களுக்கு 600 செயல்முறைகள் என்பது விவரிப்பான் சிக்கலைவிட மோசமானது.

பொதுக்கோப்பு முறை

இம்முறையில் 'லாக்ஃபார்மட்' கட்டளையின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் சிறிய 'வி' எழுத்தும் சேர்க்கப்படுகின்றன. அவ்விடத்தில், வேண்டுகோளுக்கு மறுமொழி அளித்த தளத்தின் அமைவில் உள்ள முறையான பெயர் எழுதப்படும். பின்னர் அப்பாச்சியுடன் வழங்கப்படும் 'ஸ்பிளிட்-லாக்ஃபைல்' என்னும் சிறு பெர்ல் நிரல், ஒவ்வொரு வரியின் முதற்சொல்லைப் பார்த்து அப்பெயருடைய கோப்பில் எஞ்சிய வரியைச் சேர்க்கும். நாளுக்கு ஒருமுறை இதை இயக்கினால் போதும்.

இங்கு சிறிய 'வி'-க்கும் பெரிய 'வி'-க்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பெரிய எழுத்து, அமைவைப் பொறுத்து, பார்வையாளர் அனுப்பிய பெயரையே எழுதக்கூடும். பார்வையாளர் எதையும் அனுப்பலாம். அதனைக் கோப்பின் பெயராகப் பயன்படுத்தினால், அடைவுகளைக் கடந்து செல்லும் சாய்கோடுகள் கொண்ட பெயரை ஒருவர் வேண்டுமென்றே அனுப்பும் வாய்ப்பு உண்டு. மேற்சொன்ன நிரல் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டுள்ளது: சாய்கோடு உள்ள பெயரை அது ஏற்காமல், அவ்வரியைப் பொதுவான ஒரு கோப்பில் இடும். சொந்தமாகப் பிரிப்பு நிரல் எழுதுபவர்கள் இந்தச் சோதனையை மறந்துவிடுவதுண்டு.

ஏனைய வழங்கிகள்

இகோர் சிசோயெவ் உருவாக்கி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்-எக்ஸ் வழங்கியில், பதிவேட்டுக் கட்டளையை முழு வழங்கிக்கும், ஒரு தளத்திற்கும், தளத்தின் ஒரு பகுதிக்கும்கூடத் தனித்தனியே எழுதலாம். கோப்பின் பாதையில் மாறியைப் பயன்படுத்தித் தளத்தின் பெயரைத் தானாகவே நிரப்பச் செய்யவும் இயலும். ஒரே வரியில் ஆயிரம் தளங்களுக்கும் அமைவு முடிந்துவிடுகிறது என்பதால் இது கவர்ச்சியான வழி. ஆனால் இதற்கு விலை உண்டு. மாறி இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் கோப்பு திறந்து மூடப்படும். இடைநினைவில் சேர்த்து எழுதும் வசதி இயங்காது. கோப்புகளைக் குறைந்த உரிமையுள்ள பணியாளர் செயல்முறையே உருவாக்க வேண்டியிருப்பதால் அதற்கு அடைவில் எழுதும் உரிமை தரவேண்டும். திறந்த கோப்புகளைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் தனிக் கட்டளை முதல் குறையை ஓரளவு போக்குகிறது.

மைக்ரோசாப்டின் ஐ.ஐ.எஸ். வழங்கியில் தனிக்கோப்பு முறையே இயல்பானது. ஒவ்வொரு தளத்திற்கும் அதன் வரிசை எண்ணைக் கொண்ட அடைவு தானாக உருவாகும். அடைவின் பெயரில் ஆள்களம் இல்லாததால், எந்த எண் எந்தத் தளம் என்னும் பட்டியலை நிருவாகி தனியே வைத்திருக்க வேண்டும்.

முன்னிருப்புத் தளமும் பிறர் வரிகளும்

அமைவில் இல்லாத ஒரு பெயருக்கோ வெறும் ஐ.பி. முகவரிக்கோ வேண்டுகோள் வந்தால், அப்பாச்சியும் எஞ்சின்-எக்சும் அதை அந்த முகவரிக்குரிய முதல் தளத்திடம் ஒப்படைக்கும் (எஞ்சின்-எக்சில் வேறொரு தளத்தை முன்னிருப்பாக அறிவிக்கலாம்). இணையம் முழுவதையும் வரிசையாகத் துழாவும் தானியங்கி நிரல்கள் பெரும்பாலும் ஐ.பி. முகவரியைக்கொண்டே வருகின்றன. இல்லாத மேலாண்மைப் பக்கங்களையும் பழைய ஓட்டைகளையும் தேடும் அவற்றின் வரிகள் அனைத்தும், அமைவுக்கோப்பில் முதலில் எழுதப்பட்ட தளத்தின் கணக்கில் சேர்கின்றன. அகரவரிசையில் முதலில் வரும் பெயரைக் கொண்டிருந்தது ஒன்றே அத்தளம் செய்த குற்றம்! இவ்வாறு வீங்கிய எண்ணிக்கையைப் பார்த்து அத்தளத்தின் உரிமையாளர் மகிழவும் கூடும், தாக்குதல் நடப்பதாக அஞ்சவும் கூடும்; இரண்டும் தவறு. உள்ளடக்கம் ஏதுமில்லாத ஒரு தளத்தை முதலாவதாக அமைத்து, அதற்குத் தனிப் பதிவுக்கோப்பு தருவது நல்ல வழக்கமாகும்.

சுழற்சி

பதிவுக்கோப்புகள் தாமாகச் சுருங்குவதில்லை. வன்வட்டு நிரம்பினால் பதிவுடன் சேர்ந்து தரவுத்தளம், மின்னஞ்சல் உட்பட எல்லாமே பாதிக்கப்படும். எனவே குறித்த காலத்திற்கு ஒருமுறை கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குகின்றனர். இது பதிவுச் சுழற்சி எனப்படும். லினக்சில் ரெட் ஹாட் நிறுவனத்தில் உருவான 'லாக்ரொட்டேட்' பரவலாகப் பயன்படுகிறது. ஓர் அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் உடுக்குறி கொண்டு ஒரே விதியில் அடக்கலாம் என்பதால், புதிய தளம் சேரும்போது சுழற்சி அமைவைத் தொட வேண்டியதில்லை.

கோப்பின் பெயரை மாற்றியவுடன் வழங்கி புதிய கோப்பில் எழுதத் தொடங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. வழங்கி பிடித்திருப்பது பெயரை அன்று, திறந்த கோப்பையே. பெயர் மாறிய பின்னரும் அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அப்பாச்சிக்கு மென்மையான மறுதொடக்கமும் எஞ்சின்-எக்சுக்கு 'யு.எஸ்.ஆர்.1' என்னும் சைகையும் தரப்பட்ட பிறகே புதிய கோப்பு திறக்கப்படும். மென்மையான மறுதொடக்கத்தில் பழைய இணைப்புகள் முடியும்வரை பழைய கோப்பில் வரிகள் விழக்கூடும் என்பதால், அதை உடனே சுருக்கிவிடாமல் ஒரு சுற்று காத்திருப்பது நல்லது. கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்கும் மாற்று முறையில், நகலெடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் வந்த வரிகள் இழக்கப்படும்.

நேர வலயமும் கவனிக்கத்தக்கது. அப்பாச்சியின் 'ரொட்டேட்லாக்ஸ்' நிரலை 86400 நொடிக்கு அமைத்தால், உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்துமாறு கூறாதவரை, ஒருங்கிணைந்த உலக நேரத்தின் நள்ளிரவிலேயே கோப்பு மாறும். ஐ.ஐ.எஸ். வழங்கியின் நாள் கோப்புகளும் அவ்வாறே. இந்தியாவிலும் இலங்கையிலும் அது காலை 5.30 மணி, சிங்கப்பூரில் காலை 8 மணி. ஒரு நாளின் கணக்கு இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பாதுகாப்பு

வாடிக்கையாளரின் பதிவுக்கோப்பை அவருடைய இல்ல அடைவிலேயே வைப்பது வசதியானதாகத் தோன்றும். ஆனால் பகிர்வு வழங்கிகளில் இது மிகப் பெரிய ஓட்டையாகும். அப்பாச்சி பதிவுக்கோப்புகளை முதன்மைப் பயனரின் உரிமையுடன் திறக்கிறது. அடைவில் எழுதும் உரிமையுள்ள வாடிக்கையாளர் தம் பதிவுக்கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் முறைமையின் முக்கியக் கோப்பு ஒன்றுக்குக் குறியீட்டு இணைப்பு ஏற்படுத்தினால், அடுத்த மறுதொடக்கத்தில் வழங்கி அந்தக் கோப்பில் எழுதத் தொடங்கும். எழுதப்படும் வரியின் உள்ளடக்கத்தையோ அவரே தம் உலாவியிலிருந்து தீர்மானிக்கலாம். பதிவு அடைவில் எழுத முடிந்தவர் முதன்மைப் பயனரின் உரிமையைப் பெறுவது ஏறக்குறைய உறுதி என்று அப்பாச்சியின் ஆவணங்கள் எச்சரிக்கின்றன.

தீய நோக்கம் இல்லாமலும் இடர் நேரலாம். வாடிக்கையாளர் இடம் போதவில்லை என்று பதிவு அடைவையே அழித்துவிட்டால், கோப்பைத் திறக்க இயலாத அப்பாச்சி அடுத்த முறை தொடங்கவே மறுக்கும். ஒருவர் அழித்த அடைவால் அவ்வழங்கியில் உள்ள எல்லாத் தளங்களும் நின்றுவிடும். எனவே கோப்புகளை முதன்மைப் பயனருக்கு மட்டும் உரிய அடைவில் எழுதி, சுழற்சி முடிந்தபின் நகலை வாடிக்கையாளரின் அடைவில் வைப்பதே பாதுகாப்பான முறை.

பதிவேட்டின் வரிகளில் உள்ள உலாவிப் பெயர், முந்தைய பக்க முகவரி முதலியவை அந்நியர் எழுதி அனுப்பியவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அப்பாச்சி 2.0.46-க்கு முந்தைய பதிப்புகள் கட்டுப்பாட்டு எழுத்துகளை அப்படியே கோப்பில் எழுதின. முனையத்தில் அக்கோப்பைத் திறந்து பார்ப்பவரின் திரையையே அவற்றால் குழப்ப முடிந்தது. 2021 திசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் ஓட்டை, ஜாவா நிரல்களில் ஒரு பதிவு வரி எழுதப்படுவதே தாக்குதலுக்குப் போதும் என்பதைக் காட்டியது.

தமிழ்ப் பெயர்களும் பதிவேடும்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மேல்நிலை ஆள்களங்கள் தமிழ் எழுத்துகளில் உள்ளன. எனினும் பதிவேட்டில் அவை தமிழில் தோன்றுவதில்லை. உலாவி அப்பெயர்களைப் பியூனிகோடு என்னும் குறிமுறையில், எக்ஸ், என் என்னும் இரு எழுத்துகளும் இரு சிறுகோடுகளும் முன்னொட்டாக அமைந்த இலத்தீன் சரமாக மாற்றி அனுப்புகிறது. அமைவுக்கோப்பிலும் அச்சரத்தையே எழுத வேண்டும். 2007-இல் சோதனைக்காக ஏற்படுத்தப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்ட 'உதாரணம்.பரிட்சை' என்னும் பெயரும் இவ்வாறே இயங்கியது. பல தமிழ் ஆள்களங்களை நடத்துபவர், கோப்பின் பெயரில் மட்டுமாவது படிக்கத்தக்க தமிழ்ப் பெயரைப் பயன்படுத்தினால் குழப்பம் குறையும்.

பக்கத்தின் பாதையில் தமிழ் இருந்தால் வரி பெரிதும் நீளும். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறியும் யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகள் கொள்ளும். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும எண்ணுருக்களுமாக எழுதப்படும். 'தமிழ்' என்னும் சொல்லில் ஐந்து குறிகள் உள்ளதால் அது 45 எழுத்துகளாகவும், 'விக்கிப்பீடியா' 126 எழுத்துகளாகவும் பதிவாகும். எனவே தமிழ்த் தளங்களின் பதிவுக்கோப்புகள், அதே எண்ணிக்கையிலான வருகைகளைக் கொண்ட ஆங்கிலத் தளங்களுடையவற்றைவிடப் பெரியவையாக இருக்கும். நல்வாய்ப்பாக, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதால் அவை நன்கு சுருங்கும்.

பகுப்பாய்வும் கட்டணமும்

அனலாக் (1995), வெபலைசர் (1997), ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் (2000) ஆகியவை பதிவேடுகளைப் படித்து அறிக்கை தரும் பழைய கருவிகள். ஏ.டபிள்யூ.ஸ்டாட்சில் ஒவ்வொரு ஆள்களத்திற்கும் தனி அமைவுக்கோப்பு உண்டு; பொதுக்கோப்பிலிருந்து தளத்தின் பெயரைக்கொண்டு வரிகளைத் தெரிவு செய்யவும் இயலும். 2010-இல் வந்த கோ-அக்சசு தளப்பெயருடன் கூடிய கூட்டு வடிவத்தை நேரடியாகவே அறியும்.

அலைக்கற்றைப் பயன்பாட்டிற்குக் கட்டணம் கணக்கிடும்போது வழக்கமான பைட்டுப் புலத்தை நம்பக்கூடாது. அது தலைப்பு வரிகளைச் சேர்ப்பதில்லை. பாதியில் நின்ற பதிவிறக்கத்திலும் உண்மை அளவிலிருந்து வேறுபடும். இதற்கென உள்ள 'மாட்_லாக்ஐஓ' கூறு, இணைப்பில் உண்மையில் சென்ற பைட்டுகளைத் தருகிறது. முன்னால் ஒரு பதிலி வழங்கி இருந்தால் எல்லாத் தளங்களின் எல்லா வரிகளிலும் அப்பதிலியின் முகவரியே இருக்கும். அப்பாச்சி 2.4-இல் உள்ள 'மாட்_ரிமோட்ஐபி' கூறு, பதிலி அனுப்பும் தலைப்பு வரியிலிருந்து பார்வையாளரின் முகவரியை மீட்கிறது. நம்பத்தக்க பதிலிகளின் முகவரிகளை மட்டுமே அதில் குறிப்பிட வேண்டும். இல்லையெனில் எவரும் பொய் முகவரியைப் பதியச் செய்யலாம்.

தனியுரிமையும் சட்டமும்

ஐ.பி. முகவரி ஒரு மனிதரைச் சுட்டக்கூடியது. மாறும் ஐ.பி. முகவரியும், தளத்தை நடத்துபவருக்கு ஆளை அடையாளம் காணும் சட்டவழி இருக்குமானால், தனிநபர்த் தரவே என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 அக்டோபரில் பிரேயர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தேவைக்கு மேல் இத்தகைய தரவுகளை வைத்திருப்பதைத் தடுக்கிறது. முகவரியின் கடைசி எண்ணைச் சுழியாக்கிப் பதிவது ஐரோப்பாவில் பரவலான வழக்கம்.

இந்தியாவில் விதியின் போக்கு எதிர்த்திசையில் உள்ளது. கணினி அவசரகால மறுமொழிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, சேவை வழங்குநர்களும் நிறுவனங்களும் தம் முறைமைகளின் பதிவேடுகளை 180 நாட்கள் இந்திய ஆட்சி எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும் எனக் கூறுகிறது. ஒரே வழங்கியில் ஐரோப்பிய வாடிக்கையாளரின் தளமும் இந்திய நிறுவனத்தின் தளமும் இருந்தால், இரண்டின் பதிவேடுகளுக்கும் வெவ்வேறு காலவரையறை தேவைப்படலாம். வரிகள் ஆள்களவாரியாகப் பிரிக்கப்படாதிருந்தால் ஒன்றை அழித்து மற்றொன்றை வைத்திருப்பது இயலாது.